எஃப்.சி. பார்த்தாச்சா அண்ணே?

2024 ஜூலை 12-ஆம் தேதி ‘இந்தியன் 2’ வெளியானது. அன்று இரவுக்குள் எங்கள் சொந்தபந்தம் இரண்டு கட்சியாகிவிட்டது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்து வீடுகளில் ஒன்றாக வளர்ந்து, இப்போது சேலம், திருப்பூர், ஓசூர், சென்னை என்று சிதறிக் கிடக்கிறவர்கள் நாங்கள். ஐம்பதை நெருங்கியவர்கள், “இந்தியன் தாத்தாவைக் கெடுத்துட்டாங்க” என்றார்கள். இருபதுகளில் இருக்கும் பிள்ளைகள், “சுமார்தான், ஆனா நீங்க திட்டுற அளவுக்கு மோசமில்ல” என்றார்கள். ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் மட்டும், விவேக்கையும் நெடுமுடி வேணுவையும் இன்னொரு முறை திரையில் பார்த்ததற்கே கொடுத்த காசு தகும் என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அவர்கள் இருவரும் 2021-இலேயே போய்விட்டார்கள். அந்தப் பேச்சுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

நான் திட்டிய கட்சிதான். ஆனால் எதற்காகத் திட்டுகிறேன் என்று யோசிக்கும்போதெல்லாம் நினைவு படத்தை விட்டுவிட்டு மலைப்பாதைக்குப் போய்விடுகிறது.

‘இந்தியன்’ வந்தது 1996 மே 9-இல். தேர்தல் சூடு இன்னும் ஆறவில்லை. டீக்கடை பெஞ்சு முதல் பொதுக்கூட்ட மேடை வரை ஊழல் பற்றித்தான் பேச்சு. ஆட்சி மாறி, மே 13-ஆம் தேதி மு. கருணாநிதி நான்காம் முறையாக முதல்வரானார். அப்படிப்பட்ட வாரத்தில், லஞ்சம் வாங்கியவனை இரண்டு விரலால் முடக்கிப்போட்டுக் கத்தியைச் சொருகும் சேனாபதி என்ற கிழவர் ஒருவர் வந்தால் சும்மா இருப்பார்களா? ஷங்கர் இயக்கம், சுஜாதா வசனம், ரகுமான் இசை. கமலுக்கு அந்த வருஷத்தின் சிறந்த நடிகர் தேசிய விருதும் வந்து சேர்ந்தது.

மே மாதத்தில் ஊரே குளிர் தேடி ஏற்காட்டுக்கு ஏறி வரும். நாங்கள் படம் பார்க்க வெயிலுக்குள் இறங்கினோம். காலை பஸ்ஸில் இறங்கி, சேலத்தில் கியூவில் நின்று டிக்கெட் வாங்கி, படம் பார்த்து, புரோட்டா சாப்பிட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிப்பது என்றால் ஒரு முழு நாள் வேலை. பெரியப்பாதான் தலைவர். தோட்டத்தில் ரைட்டராக இருந்தவர். சம்பளப் பட்டியல் எழுதும் அதே கறாரோடு படத்தையும் பார்ப்பார்.

திரும்பி வரும்போது அஸ்தம்பட்டி தாண்டியதும் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு தெரியும். டி.ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய ஸ்டுடியோ அது. மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ 1938-இல் அங்கிருந்துதான் வந்தது. தமிழின் முதல் முழு நீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-இல். அந்த வளைவைக் கண்டால் பெரியப்பா பேச ஆரம்பித்துவிடுவார். 1940-இல் பி.யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்த ‘உத்தமபுத்திரன்’ மாடர்ன் தியேட்டர்ஸ் படம். 1958-இல் அதே பெயரில், அதே இரட்டை வேடக் கதையில் வேறொரு கம்பெனி சிவாஜியை வைத்து எடுத்தது. பெரியப்பா அதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. “அதுவும் நல்லாத்தான ஓடுச்சு பெரியப்பா?” என்று சீண்டினால், “ஓடுனா? ஓடுறதெல்லாம் குதிரையாடா?” என்பார். நாங்கள் சிரிப்போம். அவர் பிடித்த பிடிவாதத்தை இன்று நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

கோரிமேடு கடந்து அடிவாரம் வந்தால் இருபது கொண்டை ஊசி வளைவுகள். நாங்கள் பார்த்துவிட்டு வந்ததோ, பிரேக் சரியில்லாத பள்ளிப் பேருந்துக்குக் காசு வாங்கிக்கொண்டு எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றிதழ் கொடுத்த பிரேக் இன்ஸ்பெக்டரின் கதை. பிள்ளைகள் செத்துப்போகிறார்கள், பெற்ற மகன் என்றும் பாராமல் அவனையே சேனாபதி கொல்கிறார். முதல் வளைவில் பஸ் திரும்பியதும் பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது: “அண்ணே, வண்டிக்கு எஃப்.சி. பார்த்தாச்சா?”

பஸ்ஸே சிரித்தது. டிரைவர் திரும்பாமலே, “பிரேக் இன்ஸ்பெக்டர் எங்க மாமன்தான், உக்காருய்யா” என்றார். மறுபடி சிரிப்பு. ஆனால் பாதி மலை ஏறியதும் சிரிப்பு அடங்கிவிட்டது. எதிரே லாரி வந்து பஸ் நிற்கும்போதெல்லாம் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு பிரேக் பிடிக்கிற சத்தத்தைக் கேட்டோம். ஜன்னல் ஓரம் இருந்த அத்தை மடியில் தூங்கிய குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் சேலத்து விளக்குகள் அத்தனையும் கீழே கிடந்தன.

எனக்கு வேண்டியது அந்தப் பஸ் பயணம்தான். படம் தியேட்டரோடு முடியாமல் எங்களோடு பஸ் ஏறி வந்தது. அப்படி வந்ததற்குக் காரணம், அந்தக் கதையில் இருந்த லஞ்சம் எங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்ததுதான். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் கவுண்டமணியும் செந்திலும் அடிக்கும் கூத்தை நாங்கள் நேரில் பார்த்திருந்தோம். ஆபீஸ் ஆபீஸாக அலையவிடப்படும் மனோரமா எங்கள் தோட்டத்தில் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தார். தீக்காயத்தோடு மகள் துடிக்க, ஆஸ்பத்திரியில் காசு கொடுக்க மாட்டேன் என்று நின்ற அப்பனைப் பார்த்து, “கொடுத்துத் தொலைச்சிருக்கலாமே” என்று தியேட்டரில் அழுதவர்களும் உண்டு. ஒரு சான்றிதழுக்காக மலையிறங்கி வந்து, “நாளைக்கு வா” என்ற வார்த்தையை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பவும் மலையேறியவர் என் அப்பா. சேனாபதி குத்தியது அந்த “நாளைக்கு வா”வைத்தான்.

முதல் படத்தின் முடிவிலேயே சேனாபதி ஹாங்காங்கிலிருந்து போன் செய்துவிட்டார். அந்த போனை நம்பி 28 வருஷம் காத்திருந்தோம். இரண்டாம் பாகத்துக்கு ஒரு மாதம் முன்னால் முதல் பாகத்தையும் மறுபடி தியேட்டரில் போட்டார்கள். அதுவே வினையாகிவிட்டது. மறந்துபோயிருந்த காட்சியெல்லாம் புதிதாக மனசில் ஏறிக்கொண்டது. அந்தச் சூட்டோடு போய் இரண்டாம் பாகத்தைப் பார்த்தோம். தாத்தா தைப்பேயிலிருந்து வந்தார். வர்மம் புதிது புதிதாக வந்தது. மாளிகைகள் வந்தன. சுஜாதா இல்லாத இடத்தில் மூன்று பேர் வசனம் எழுதியிருந்தார்கள். ரகுமான் இடத்தில் அனிருத். மூன்று மணி நேரப் படத்தில் 12 நிமிடத்தை வெளியான பிறகு வெட்டினார்கள். எதை வெட்டியும் எனக்குக் குறை தீரவில்லை. நான் தேடிய அந்த மேசையும், மேசைக்குப் பின்னால் பல்குத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்தக் கிளார்க்கும் படத்தின் நடுவில் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், எங்கள் சண்டையைப் படமே முன்கூட்டிச் சொல்லிவைத்திருக்கிறது. கதையில் இளைஞர்கள் “திரும்பி வா இந்தியன்” என்று கூப்பிடுகிறார்கள். வந்தவர், முதலில் உங்கள் வீட்டைச் சுத்தம் செய்யுங்கள் என்கிறார். செய்யப்போய் வீடு இடிந்ததும் அதே வாய்கள் “திரும்பிப் போ” என்கின்றன. வெளியே ரசிகர்களும் அதையேதான் செய்தார்கள். லஞ்சம் வாங்குகிற அப்பனைப் பிள்ளையே காட்டிக்கொடுப்பது என்ற அந்தக் கரு, முதல் படத்தின் தகப்பன்-மகன் கதையைத் தலைகீழாக்கியது. நல்ல கரு. வீட்டுக் கூடத்தில் நடக்க வேண்டிய அந்தக் கதையைச் சாவகாசமாகச் சொல்ல விடாமல், தாத்தாவின் சாகசத்துக்கு நேரத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

போன தீபாவளிக்கு ஏற்காடு போனபோது ஏரிக்கரையில் வைத்து அக்கா மகனோடு மறுபடி இதே வாக்குவாதம். “மாமா, நான் எல்.எல்.ஆர். போட்டதே போன்லதான். நீங்க சொல்ற ஜன்னலு, வரிசை, கிளார்க்கு எல்லாம் எனக்குத் தெரியாது. எனக்கு எதுக்கு அந்தக் காட்சி?” என்றான். நியாயமான கேள்வி. “சரி, லைசென்ஸ் எப்படி எடுத்த?” என்றேன். “டிரைவிங் ஸ்கூல்ல ஒரு பேக்கேஜ் கட்டினேன், அவங்களே பாத்துக்கிட்டாங்க” என்றான். சொல்லிவிட்டு அவனே சிரித்தான். கிளார்க்கு எங்கேயும் போய்விடவில்லை, பேக்கேஜுக்குள் உட்கார்ந்திருக்கிறார். அவரை அந்தப் படம் கண்டுபிடித்திருந்தால், அக்கா மகனும் நானும் ஒரே கட்சியாக இருந்திருப்போம்.

பெரியப்பா இப்போது இல்லை. கடைசி பஸ்ஸில் படம் பார்த்துத் திரும்பும் கூட்டமும் குறைந்துவிட்டது. பிள்ளைகள் பைக்கில் போய்ப் பைக்கில் வருகிறார்கள். ஸ்டுடியோ இருந்த இடத்தில் வீடுகள். பழசை அப்படியே கொண்டுவந்து கொடு என்று எந்த இயக்குநரையும் கேட்க முடியாது, கேட்பது அநியாயமும்கூட. பழைய மீசையையும் பழைய விரல் மடிப்பையும் காட்டிவிட்டு, இதுதான் நீ கேட்டது என்று சொல்வதும் அநியாயம்தான்.

‘இந்தியன் 2’ முடிவிலேயே மூன்றாம் பாகத்தின் முன்னோட்டத்தைப் போட்டுக் காட்டிவிட்டார்கள். அது எப்போது வந்தாலும் போய்ப் பார்ப்பேன்; திட்டிக்கொண்டேயாவது பார்ப்பேன். ஷங்கருக்கும் கமலுக்கும் ஒரே ஒரு விண்ணப்பம்: தாத்தாவை ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஏதாவது ஒரு ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் டோக்கன் வாங்கிக்கொண்டு நிற்கவையுங்கள். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.