பெட்டிக்குள் யாருடைய பண்பாடு?

பண்பாட்டைக் காப்பாத்தணும்னு யாராவது பேச ஆரம்பிச்சா எனக்கு முதல்ல வர்றது சந்தேகம்தான். எதைக் காப்பாத்தப் போறாங்க, யார்கிட்டருந்து, யாருக்காக? சேரியில் பிறந்த ஒருவர் இந்தக் கேள்விகளைக் கேட்காமல் அந்தச் சொல்லைத் தாண்டிப் போய்விட முடியாது. ஆனால் ஆப்பிரிக்கத் தொலைக்காட்சியின் வரலாற்றைப் படிக்கப் படிக்க இன்னொன்றும் புரிந்தது. உங்களுக்கு வரலாறே கிடையாது என்று வெள்ளைக்காரனால் சொல்லப்பட்ட மக்களுக்கு, தங்கள் முகத்தையும் மொழியையும் திரையில் பார்ப்பது சின்ன விஷயமில்லை. அதைக் கொச்சைப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. ஆகவே இரண்டையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

நைஜீரியாவிலிருந்து தொடங்குவோம். 1959 அக்டோபர் 31 அன்று இபாடான் நகரில் மேற்கு நைஜீரியத் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. நாடு விடுதலை அடைய இன்னும் பதினோரு மாதம் இருந்தது. அது பிறந்த கதை நமக்குத் தெரிஞ்ச கதை மாதிரியே இருக்கு. 1953-ல் காலனிய ஆளுநர் மக்பெர்சன் வானொலியில் ஒபாஃபெமி அவோலோவோவையும் அவர் கட்சியையும் குற்றம்சாட்டிப் பேசினார். அதே வானொலியில் பதில் சொல்ல அவோலோவோ நேரம் கேட்டார்; கொடுக்கவில்லை. பிறகு மேற்கு மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்புக்கு வந்த அவர், சொந்தமாக ஒரு நிலையத்தையே அமைத்துவிட்டார். நம்மைப் பற்றிப் பேசுவார்கள், நம்மைப் பேச விடமாட்டார்கள். நாம பத்திரிகை ஆரம்பிச்சதும் இதனாலதானே தோழர்களே?

தொடக்கத்தில் அந்தப் பெட்டியில் ஓடியதில் பெரும்பகுதி வெளிநாட்டுச் சரக்கு. ஆனாலும், ஊர் ஊராகப் போய் ஆடிக்கொண்டிருந்த யொருபா நாடகக் கலைஞர்கள் உள்ளே வந்தார்கள். டூரோ லடிப்போ வந்தார், கோலா ஒகுன்மோலா வந்தார், 'பாபா சாலா' என்று சனங்கள் கூப்பிட்ட மோசஸ் ஒலையா வந்தார். அதுவரை தெருவிலும் கொட்டகையிலும் கேட்ட பேச்சும் பாட்டும் மேளமும் ஆங்கிலம் பேசும் பெட்டிக்குள்ளிருந்து கேட்டன.

பிறகு 1987. சினுவா அச்செபே 1958-ல் எழுதிய நாவலை, தமிழில் 'சிதைவுகள்' என்று நாம் படித்ததை, நைஜீரியத் தொலைக்காட்சி நிறுவனம் தொடராக எடுத்தது. ஒகொன்க்வோவாக நடித்தவர் பீட் எடோச்சி. அந்தத் தொடரின் சில பகுதிகளை இணையத்தில் பார்த்தேன். அந்தக் கனத்த குரல், பெரியவர்கள் பழமொழி போட்டுப் பேசும் பேச்சு, விருந்தாளிக்குக் கோலாக் கொட்டையை உடைத்துக் கொடுக்கும் மரியாதை. காட்டுமிராண்டிகள் என்று எழுதிவைத்தவனுக்கு இதைவிட நல்ல பதில் இருக்க முடியாது. பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது.

அங்கேதான் நின்றேன். ஏனென்றால் அதே இக்போ சமூகத்தில் 'ஓசு' என்று ஒரு மக்கள் இருக்கிறார்கள். எப்போதோ ஒரு தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். நாவலிலேயே இருக்கிறது: ஓசு தலைமுடியை வெட்டக்கூடாது, மற்றவர்கள் கூடும் சபைக்கு வரக்கூடாது, ஓசுவின் வீட்டுக் கூரையின் கீழ் மற்றவர்கள் ஒதுங்கக்கூடாது. ஓசுக்கள் தேவாலயத்துக்கு வந்தபோது, ஏற்கெனவே மதம் மாறியிருந்தவர்களே முணுமுணுத்தார்கள். 1956-ல் கிழக்கு நைஜீரியச் சட்டமன்றம் ஓசு முறையைச் சட்டத்தால் ஒழித்தது. சட்டம் ஒழித்ததைக் கல்யாணப் பேச்சு ஒழிக்கவில்லை. 1960-ல் வந்த அச்செபேயின் அடுத்த நாவலில், லண்டனில் படித்துவிட்டு வந்த பையன் ஓசுப் பெண்ணைக் கட்டிக்கொள்வேன் என்கிறான். பெற்ற தாயே, நான் உயிரோடு இருக்கும்போது அது நடந்தால் செத்துப்போவேன் என்கிறாள். படிச்சப்ப, இது எந்த ஊருன்னு ஒரு நிமிஷம் மறந்துபோச்சு.

எங்க ஊர்ல பஞ்சாயத்து டிவி ஊர்ப்பக்கம் இருந்துச்சு. நாங்க வாசலுக்கு வெளிய நின்னுதான் பாப்போம். பொங்கல், மாட்டுவண்டி, கும்மி எல்லாம் வரும். நம்ம பண்பாடுன்னு உள்ள உக்காந்திருந்தவங்க பெருமையாச் சொல்வாங்க. எங்கப்பா பறை அடிக்காம அந்த ஊர்ல ஒரு பிணமும் நகராது. அவருக்கு அந்த அறைக்குள்ள உக்கார இடமில்ல. ஆகவே கோலாக் கொட்டையின் மரியாதையைத் திரையில் பார்க்கும் ஓசு வீட்டுப் பிள்ளை என்ன நினைக்கும் என்று கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

தென்னாப்பிரிக்காவின் பாடம் வேறு. தொலைக்காட்சி வந்தால் கறுப்பர்கள் கெட்டுப்போவார்கள், வெள்ளையர் ஆட்சி ஆட்டம் காணும் என்று பயந்த நிறவெறி அரசு 1976 ஜனவரி வரை அதை நாட்டுக்குள்ளேயே விடவில்லை. விட்டபோது ஆங்கிலமும் ஆப்பிரிக்கான்ஸும் மட்டும். அதே ஆண்டு ஜூன் 16 அன்று, ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் படிக்க மாட்டோம் என்று சொவெட்டோ பிள்ளைகள் தெருவுக்கு வந்து குண்டடிபட்டார்கள். 1982-ல் அரசு கறுப்பர்களுக்கென்று இரண்டு அலைவரிசைகளைத் திறந்தது: ஒன்று சூலு, கோசா மொழிகளுக்கு, இன்னொன்று சோத்தோ, ட்ஸ்வானா மொழிகளுக்கு. மொழிக்கு மரியாதை மாதிரித்தான் தெரியும். ஆனால் ஒவ்வொரு இனத்தையும் தனித்தனிப் பட்டியில் அடைத்த அதே அரசுதான் இதையும் செய்தது. உன் பண்பாட்டோடு நீ இரு, எங்கள் ஊருக்குள் வராதே என்பதன் இன்னொரு வடிவம் அது. 1986-ல் வந்த 'ஷாகா சூலு' தொடரில் ஹென்றி செலே கம்பீரமாக நின்றார். ஆனால் அந்தக் கறுப்பு மன்னனின் கதை பெரிதும் வெள்ளைக்காரன் கண் வழியாகத்தான் சொல்லப்பட்டது.

அந்த மொழிகளே 1996-ல் வேறு அர்த்தம் பெற்றன. அந்த ஆண்டின் அரசியல் சாசனம் 11 மொழிகளை ஆட்சிமொழிகளாக்கியது. ஏப்ரல் 15 அன்று ஈஸ்ட் லண்டன் நகரில், டெஸ்மண்ட் டுட்டு தலைமையில் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் முதல் விசாரணையைத் தொடங்கியது. சாட்சிகள் தங்கள் மொழியிலேயே பேசலாம்; மற்றவர்கள்தான் மொழிபெயர்ப்புக் கருவியைக் காதில் மாட்டிக்கொள்ள வேண்டும். 1985-ல் கொல்லப்பட்ட ஃபோர்ட் கலாட்டாவின் மனைவி நோமோண்டே கலாட்டா பேசும்போது உடைந்து கதறினார். அந்தக் கதறலை நாடே கேட்டது. 1998 வரை ஞாயிறுதோறும் தொலைக்காட்சியில் அந்தச் சாட்சியங்களின் தொகுப்பு வந்தது.

அங்கே மன்னர்கள் இல்லை, ஆட்டமில்லை, அலங்காரமில்லை. விதவைகளும் தாய்மார்களும் தங்கள் சொந்த மொழியில் கொலைகாரர்களின் பெயரைக் கேட்டார்கள். என் கணக்கில் ஆப்பிரிக்கத் தொலைக்காட்சி ஒரு மொழிக்குத் தந்த பெரிய மரியாதை இதுதான். அவமானப்பட்டவர் வாய்திறந்து பேசும்போதுதான் அந்த மொழி நிமிர்கிறது.

அச்செபே தன் இனத்தின் பெருமையை எழுதிய அதே புத்தகத்தில் ஓசுவையும் எழுதினார். பண்பாட்டைக் காக்கிறோம் என்று சொல்லும் எந்தத் தொலைக்காட்சியிடமும், அது லாகோஸில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும், நாம் கேட்க வேண்டியது இதைத்தான்: வாசலுக்கு வெளியே நிற்பவர்களுக்கு உன் திரையில் எத்தனை நிமிஷம்? அந்த நிமிஷங்களில் அவர்கள் ஆடணுமா, இல்ல பேசலாமா?