தாங்குவதைத் தாங்கும் இடம்

ஒரு பொருள் விழாமல் நிற்கக் கண்டால், அதைத் தாங்கும் ஒன்று உண்டென்று அறிகிறோம். அப்படித் தாங்குவதும் எதையோ பற்றிக்கொண்டுதான் நிற்கிறது என்பதை அவ்வளவாக எண்ணுவதில்லை.

1983 டிசம்பரில் மாருதி 800 சாலைக்கு வந்த பிறகு, கண்ணாடியோடு சேர்ந்து மேலெழும் பின்கதவு கொண்ட சிறு கார்கள் நம் நாட்டில் பெருகின. தூக்கிய கதவு மேலேயே நிற்பதற்குக் காரணம், அதன் பக்கத்தில் உள்ள மெல்லிய தண்டுகள். பட்டறைகளில் இவற்றை ‘டிக்கி ஷாக்கர்’ என்பார்கள். அடைத்த உருளைக்குள் நைட்ரஜன் வாயு மிகுந்த அழுத்தத்தில் இருக்கிறது. சிறிது எண்ணெயும் உண்டு. வாயு தண்டைத் தள்ளுகிறது. தண்டு கதவைத் தாங்குகிறது. அதன் ஒரு முனை கதவிலும் மறு முனை காரின் உடலிலும் குண்டுத் தலை கொண்ட சிறு போல்ட்டுகளில் மாட்டப்பட்டிருக்கும்.

எங்கள் பங்கு இல்லத்துக் கார் இருபது ஆண்டுகளைக் கடந்தது. திருப்பலிப் பெட்டியையும் ஒலிபெருக்கியையும் கிளைக் கிராமங்களுக்குச் சுமந்து செல்வது அதுதான். அண்மையில் அதன் பின்கதவு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஒரு மூங்கில் கழியை முட்டுக் கொடுத்துச் சில வாரங்கள் ஓட்டினோம். கழி நழுவினால் கீழே நிற்பவர் தலை தப்பாது. கோயிற்பிள்ளை ஒவ்வொரு முறையும் குனிந்தபடியே பெட்டியை எடுப்பார். “இன்னும் பலமான ஷாக்கராக வாங்கிப் போடுங்கள்” என்று பார்த்தவரெல்லாம் கூறினர்.

புதுக்கோட்டையில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் முதிய பாய் ஒருவர் தண்டைக் கழற்றி, தரையில் ஊன்றி அழுத்திப் பார்த்தார். “ஃபாதர், ஷாக்கர் நல்லாத்தான் இருக்கு. அது உட்கார்ற இடந்தான் போயிருச்சு. இதுல பலமானதைப் போட்டா மிச்சத் தகரத்தையும் கிழிச்சிரும்” என்றார். உள்ளட்டையைக் கழற்றிக் காட்டினார். போல்ட்டைப் பிடித்திருந்த தகரம் துருவேறி, துளையைச் சுற்றிக் கிழிந்திருந்தது.

அவர் விளக்கிய ஒரு செய்தி என்னை நிறுத்திற்று. தண்டு கதவின் கீல் அருகே பொருந்தியிருப்பதால், கதவின் விளிம்பில் நம் கை உணரும் பளுவைவிடப் பலமடங்கு விசையோடு அது தள்ள வேண்டும். கதவு மூடியிருக்கும்போது வாயு மேலும் சுருங்கி இன்னும் வலுவாகத் தள்ளும். கார் நிழலில் ஓய்ந்து நிற்கையிலும் அந்தச் சிறு தகரத்துக்கு ஓய்வில்லை.

வேலை ஒரு பகல் பிடித்தது. வாயு அடைத்த உருளை நெருப்பருகே இருக்கலாகாது என்பதால் இரு தண்டுகளையும் முதலில் அகற்றினார். பேட்டரி இணைப்பையும் கழற்றினார். துருவை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி நீக்கினார். துளையைவிடப் பல மடங்கு அகலமான இரும்புத் தகட்டை வளைவுக்கேற்பத் தட்டி, அதன் பின்புறம் நட்டை வைத்துப் பற்றவைத்தார். பளு ஒரு புள்ளியில் இறங்காமல் பரவவேண்டும் என்பதே அகலத்தின் நோக்கம். இத்தனை நாள் இருவர் சுமையை ஒருவராகச் சுமந்த மறுபக்கத்துக்கும் அவ்வாறே செய்து, பிரைமர் பூசினார். பழைய தண்டுகளே மீண்டும் ஏறின.

உடலை ஒன்றிணைப்பவை அதன் மூட்டுகளே என்னும் கருத்தைப் பவுலடிகளார் எபேசியர் திருமுகத்தின் 4ஆம் அதிகாரத்தில் விளக்குகிறார். 1943ஆம் ஆண்டில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், திருச்சபையைக் கிறிஸ்துவின் மறையுடலாக விளக்கிச் சுற்றுமடல் எழுதினார். மறையுடல் என்றதும் நாம் தலையையும் உறுப்புகளையும் எண்ணுகிறோம். ஓர் உறுப்பு மற்றோர் உறுப்பைப் பற்றியிருக்கும் இடத்தையும் எண்ணவேண்டும்.

எங்கள் பங்கில் ஒரு தாய் இருக்கிறார். பக்கவாதத்தால் படுத்துவிட்ட கணவரைப் பல ஆண்டுகளாகத் தனியே பேணி வருகிறார். “அந்த அம்மாவுக்கு இரும்பு மனசு” என்று ஊரே புகழ்கிறது. பார்க்க வருவோர், “இன்னும் தைரியமா இருங்க” என்று சொல்லிச் செல்கின்றனர். முதல் வெள்ளியன்று நற்கருணை கொண்டு சென்றபோது அவர் சொன்னார்: “தைரியம் இருக்கு சாமி. ஞாயித்துக்கிழமை பூசையைக் கண்டுதான் எத்தனையோ காலமாச்சு. ஒரு மணி நேரம் யாராவது இவர் பக்கத்துல உட்கார்ந்தாப் போதும்.”

அந்த அம்மாவின் மன உறுதியில் குறையில்லை. அது ஊன்றி நிற்க இடமின்றித் தவித்தது. அவரிடம் மேலும் உறுதியைக் கேட்பது, கிழிந்த தகரத்தில் வலுவான தண்டை மாட்டுவதற்கு ஒப்பாகும். வீடு மூடியிருக்கும் இரவுகளில் அவர்மீது இறங்கும் பளுவை யார் கண்டார்?

அன்பியக் கூட்டத்தில் இதை எடுத்துரைத்தேன். நான்கு குடும்பங்கள் முன்வந்தன. முறை வரும் குடும்பம் சனி மாலைத் திருப்பலியில் பங்கேற்றுவிட்டு, ஞாயிறு காலை அந்நோயாளியின் அருகே அமர்கிறது. ஒருவர் தோளில் இருந்த பளு நான்கு வீடுகளுக்குப் பரவியிருக்கிறது. இப்போது அந்தத் தாய் ஞாயிறுதோறும் கோயிலுக்கு வருகிறார். முதல் வாரம் அவர் பாடவில்லை, கண்மூடி அமர்ந்திருந்தார். அதுவும் செபமே.

முதியோரைப் பேணும் மகள், ஊனமுற்ற பிள்ளையை வளர்க்கும் தந்தை எனப் பிறரைத் தாங்குவோர் எல்லாப் பங்கிலும் உண்டு. விடுதலைப் பயண நூலின் 17ஆம் அதிகாரத்தில் மோசேயின் கைகள் தளர்ந்தபோது ஆரோனும் கூரும் அவற்றைத் தாங்கினர் என்று நினைவுகூர்கிறோம். அதற்குமுன் அவர் அமர்வதற்கு ஒரு கல்லைக் கொண்டுவந்து வைத்தார்கள். அந்தக் கல்லையும் மறவாதிருப்போம்.