எந்த ரோட்டர் பெஸ்ட்?

ஏரோ பசங்க நாலு பேர் ஒண்ணா உட்கார்ந்தா, எந்த ஹெலிகாப்டர் பெஸ்ட்டுங்கிற சண்டை வந்தே தீரும். பெரும்பாலும் ஜெயிக்கிறது வேகமானதுதான். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை.

முதலில், சாதாரண ஹெலிகாப்டர் ஏன் விமானம் மாதிரி வேகமாகப் போக முடிவதில்லை? பிளேடின் நுனி நொடிக்கு 220 மீட்டரில் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஹெலிகாப்டர் மணிக்கு 400 கி.மீ., அதாவது நொடிக்கு 111 மீட்டர் முன்னால் போகிறது. ஒரு பக்கம் முன்னோக்கி வரும் பிளேடின் நுனிக்குக் காற்று 331-ல் அடிக்கும். கிட்டத்தட்ட ஒலியின் வேகம். மறுபக்கம் பின்னோக்கிப் போகும் பிளேடுக்கு மிஞ்சுவது 109 தான். அங்கே லிஃப்ட் பத்தாது, ஸ்டால் ஆகிடும். 1986-ல் வெஸ்ட்லேண்ட் லிங்க்ஸ் 400.87 கி.மீ. தொட்டு சாதனை படைத்தது இந்தச் சுவரை உரசிக்கிட்டுத்தான்.

டில்ட்ரோட்டர் இந்தச் சுவரைச் சுற்றிப் போகிறது. ஆஸ்ப்ரே மேலே எழும்பியதும் ரோட்டர்களை முன்பக்கம் சாய்த்து விமானமாகிவிடும். மணிக்கு சுமார் 500 கி.மீ. முன்னும் பின்னும் இரண்டு ரோட்டர் வைத்த சினூக் 300-ஐ ஒட்டித்தான்.

ஆனா அந்தரத்துல நிக்கச் சொல்லிப் பாருங்க. இரண்டுமே முழுச் சுமையோடு ஏறக்குறைய 23 டன். சினூக்கின் ரோட்டர் விட்டம் 18.3 மீட்டர், ஆஸ்ப்ரேயுடையது 11.6. பரப்பளவு கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு வித்தியாசம். நாம படிச்ச மொமெண்டம் தியரிப்படி, அதே எடையைத் தூக்கி நிறுத்த ஆஸ்ப்ரேக்கு சுமார் ஒன்றரை மடங்கு பவர் வேணும். கீழே அடிக்கிற காற்றும் அதே அளவு வேகம்.

இது வெறும் எக்ஸாம் கணக்கு இல்லை. நான் குமரிக் கடற்கரைக்காரன். 2017-ல் ஒக்கி புயல் வந்தப்போ ஆழ்கடலில் இருந்த எங்க ஆட்களுக்கு ஹெலிகாப்டர் சீக்கிரம் வந்து சேரணும். 300 கி.மீ. தூரத்துக்கு சினூக் வேகத்தில் ஒரு மணி நேரம், ஆஸ்ப்ரே வேகத்தில் 36 நிமிஷம். வந்து சேர்ந்த பிறகோ, தண்ணீரில் மிதக்கிறவர் தலைக்கு மேல் அசையாமல் நின்று கயிறு இறக்கணும். அங்கே பெரிய ரோட்டரின் மெதுவான காற்றுதான் அவருக்கு நல்லது.

அதனால அடுத்த தடவை சண்டை வந்தா டாப் ஸ்பீடை மட்டும் கேட்காதீங்க. எவ்வளவு தூரம் போகணும், போய் எவ்வளவு நேரம் நிக்கணும்னு கேளுங்க. எந்த ரோட்டர்ங்கிறது தானா முடிவாயிடும்.