மாமா கொடுத்த செக்

டிஸ்கியை முதலிலேயே போட்டுவிடுகிறேன். நான் வக்கீல் இல்லை, பி.காம் படிக்கிற பையன். வீட்டில் நடந்ததைச் சொல்லப்போகிறேன், அவ்வளவுதான். இதைப் படித்துவிட்டு யாரும் நேராக கோர்ட்டுக்குப் போய் நிற்க வேண்டாம் :-)

2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. தமிழ்நாடு முழுக்க நாடாளுமன்றத் தேர்தல். என் முதல் ஓட்டு. ஹாஸ்டலிலிருந்து முந்தின நாள் ராத்திரியே பஸ் பிடித்து திண்டுக்கல் வந்துவிட்டேன். காலையில் ஓட்டுப் போட்டு, விரலில் மை வைத்ததைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டியவர்களுக்கெல்லாம் அனுப்பி முடித்து, அப்பா பிரஸ்ஸுக்குப் போனேன். அப்பா வைத்திருப்பது ஒரே ஒரு மினி ஆஃப்செட் மெஷின். பில் புக், கல்யாணப் பத்திரிகை, லேபிள், தேர்தல் வந்தால் நோட்டீஸ்.

இந்தத் தேர்தல் நோட்டீஸ் விஷயத்தில் அப்பாவின் சுத்தத்தைப் பார்க்க வேண்டுமே! அச்சடிப்பவர் பெயரும் முகவரியும், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் இல்லாமல் ஒரு துண்டுத்தாள் வெளியே போகாது. வெளியிடுபவர் கையெழுத்துப் போட்ட உறுதிமொழி இரண்டு பிரதி, அதில் அவரைத் தெரிந்த இரண்டு பேரின் சாட்சிக் கையெழுத்து, அதில் ஒரு பிரதியும் அச்சடித்த நோட்டீஸில் ஒன்றும் கலெக்டர் ஆபீஸுக்கு. 1951-ஆம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 127ஏ. மீறினால் ஆறு மாதம் வரை ஜெயில். அப்பாவுக்கு இது மனப்பாடம்.

அப்படிப்பட்ட மனுஷரின் மேஜை டிராயரில் பழைய ப்ரூஃப் தாள்களுக்கு நடுவே ஒரு செக் கிடந்தது. ஒரு லட்சத்து முப்பத்தாறாயிரத்து ஐந்நூறு ரூபாய். மார்ச் 1 தேதி போட்டது. அதோடு பின் அடித்து பேங்க்காரர்கள் கொடுத்த ரிட்டர்ன் மெமோ. காரணம்: கணக்கில் போதிய பணம் இல்லை.

"என்னப்பா இது?"

"அது மாமா கொடுத்ததுடா. மார்ச் 7-ஆம் தேதி பேங்க்ல திருப்பிக் கொடுத்தாங்க. தர்றேன்னு சொல்லியிருக்காரு."

மாமா என்றால் சொந்த மாமா இல்லை. மதுரைப் பக்கம் முறுக்கு, மிக்சர் பாக்கெட் போட்டு விற்பவர். அவருடைய லேபிளும் அட்டைப் பெட்டியும் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து எங்கள் பிரஸ்ஸில்தான். அப்பா அவரை மச்சான் என்பார், அதனால் எங்களுக்கு மாமா. தங்கச்சி காதுகுத்துக்கு வந்து தோடு போட்டவர். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு பெரிய டின் நிறைய மிக்சர் அனுப்புவார். (மிக்சரில் நிலக்கடலை கம்மிதான், ஆனாலும் மிக்சர் மிக்சர்தானே!)

எனக்கு அப்போதுதான் பிசினஸ் லா பேப்பர் முடிந்திருந்தது. மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881, பிரிவு 138. பத்து மார்க் கேள்வி. செக் திரும்பினால் 15 நாளைக்குள் நோட்டீஸ், செக்கின் ஆயுள் ஆறு மாதம், தண்டனை ஒரு வருடம் என்று சீனியர் கொடுத்த பழைய நோட்ஸில் இருந்ததை அப்படியே எழுதிவிட்டு வந்திருந்தேன். பெரிய மனுஷன் மாதிரி அப்பாவிடம், "15 நாள்ல நோட்டீஸ் விட்ருக்கணும்பா, போச்சு" என்றேன். அப்பாவின் முகம் சுருங்கியது இன்னும் கண்ணில் இருக்கிறது.

நான் சொன்னதில் பாதி தப்பு. அந்த 15 நாள் 2002-ஆம் வருடத் திருத்தத்திலேயே 30 நாளாகிவிட்டது. அதே திருத்தத்தில் தண்டனையும் இரண்டு வருடம் வரை என்று கூடியது. அல்லது செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். செக்கின் ஆயுள் ஆறு மாதம் என்பதும் பழைய கதை. ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 2012 ஏப்ரல் 1 முதல் மூன்றே மாதம்தான். எனக்கு எட்டு மார்க் போட்ட புண்ணியவான் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

ஆனால் 30 நாள் என்று வைத்தாலும் கணக்கு இடித்தது. காலண்டரில் விரல் வைத்து எண்ணினேன். மெமோ கைக்கு வந்தது மார்ச் 7. அந்த நாளை விட்டுவிட்டு எண்ணினால் 30-ஆவது நாள் ஏப்ரல் 6. தாண்டி 13 நாளாகிவிட்டது. இந்த நோட்டீஸ் கெடுவை கோர்ட்டாலும் நீட்டித் தர முடியாது. அதற்கப்புறம் வருகிற புகார் மனு தாமதமானால் மட்டும்தான், தகுந்த காரணம் இருந்தால் மன்னிக்க சட்டத்தில் இடம் உண்டு.

அம்மாதான், "யாராவது தெரிஞ்சவங்ககிட்ட கேளுங்க, அப்பாவும் புள்ளையும் காலண்டரையே பாத்துக்கிட்டிருந்தா பணம் வருமா?" என்று எழுந்தார். காகிதக் கடைக்கு அப்பா தர வேண்டிய பாக்கி அம்மாவுக்குத்தான் அப்பாவைவிட நன்றாகத் தெரியும். சனிக்கிழமை சாயங்காலம், தங்கச்சியின் தோழியுடைய அக்கா ஒருவர் வக்கீலாக இருக்கிறார் என்று அவர் வீட்டுக்குப் போனோம். அப்பா வரமாட்டேன் என்றார். செருப்பை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டி ஒருவழியாக வந்தார்.

வக்கீல் அக்கா செக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "இது மே 31 வரைக்கும் செல்லும். ஏன் இன்னொரு தடவை போடக்கூடாது?"

எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விஷயம் இதுதான். செக்கை அதன் ஆயுள் முடிவதற்குள் எத்தனை தடவை வேண்டுமானாலும் வங்கியில் போடலாம். முதல் தடவை திரும்பியபோது வழக்குப் போடாமல் விட்டுவிட்டால், மறுபடி போட்டுத் திரும்பினாலும் வழக்குப் போட முடியுமா என்பதில் முன்பு குழப்பம் இருந்தது. 1998-இல் உச்ச நீதிமன்றமே முடியாது என்ற மாதிரி சொல்லியிருந்தது. 2012-இல் எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில் மூன்று நீதிபதிகள் அதை மாற்றி, செல்லுபடியாகும் காலத்துக்குள் மறுபடி போட்டு, திரும்பிய பிறகு புதிதாக 30 நாளைக்குள் நோட்டீஸ் கொடுத்தால் வழக்கு நிற்கும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். அதாவது எங்கள் காலண்டர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்!

இரண்டாவது கேள்வி அதைவிட முக்கியம். "நடுவுல ஏதாவது பணம் குடுத்தாரா? ஆயிரம் ரெண்டாயிரம் ஜிபேல போட்டாலும் சொல்லுங்க."

செக் கொடுத்த பிறகு, பேங்க்கில் போடுவதற்கு முன்னால் பாதிப் பணம் வந்துவிட்டால், முழுத் தொகைக்கு அந்தச் செக்கைப் போட்டு 138-இல் வழக்குத் தொடர முடியாது. வந்த தொகையைச் செக்கிலேயே குறித்துவிட்டு மீதிக்குத்தான் போட வேண்டும். 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "இல்லம்மா. பத்தாயிரம் போடறேன்னு ரெண்டு தடவை சொன்னாரு. போடலை." ஒருவர் சொன்னபடி பணம் தராததற்காக எங்கள் குடும்பமே சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை, 22-ஆம் தேதி, செக்கை மறுபடி போட்டோம். போடும்முன் அப்பா மாமாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டார். வக்கீல் அக்காவிடம் சொல்லாமல் செய்தது. "சொல்லாமப் போட்டா மரியாதை இல்லடா." 24-ஆம் தேதி மெமோ கைக்கு வந்தது. அதே காரணம்.

நோட்டீஸை நானே எழுதுகிறேன் என்று குதித்தேன். நோட்டீஸ் வக்கீல்தான் அனுப்ப வேண்டும் என்று சட்டத்தில் இல்லை, யாருக்குப் பணம் வர வேண்டுமோ அவரே எழுத்தில் அனுப்பலாம். என் டிராஃப்டில் செக் தொகை, வட்டி, மன உளைச்சலுக்கு ஐம்பதாயிரம் எல்லாம் சேர்த்து மொத்தமாக ஒரு தொகை. அக்கா சிவப்பு மையால் அடித்துத் தள்ளிவிட்டார். நோட்டீஸின் உயிரே 'இந்தச் செக் தொகையைக் கொடு' என்று தெளிவாகக் கேட்பதில்தான் இருக்கிறதாம். வேறு எது கேட்டாலும் தனியாகப் பிரித்துக் காட்ட வேண்டும், எல்லாவற்றையும் ஒரே உருண்டையாகப் பிடித்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அதிலேயே ஓட்டை போட்டுவிடுவாராம். கடைசியில் போனது ஒரு பக்கம். செக் எண், தேதி, தொகை, எந்தத் தேதியில் என்ன காரணத்துக்குத் திரும்பியது, கிடைத்த 15 நாளில் தொகையைத் தர வேண்டும். அவ்வளவே. மன உளைச்சல் எனக்கு மட்டும் மிச்சம்.

26-ஆம் தேதி ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினோம். (பதிவுத் தபாலை 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். தபால் ஆபீஸ் ரசீதை மட்டும் எந்தக் காலத்திலும் தூக்கிப் போடாதீர்கள்.) அவர் வாங்காமல் திருப்பி அனுப்பினால் என்ன ஆகும் என்று அப்பா கேட்டார். சரியான முகவரிக்கு அனுப்பியிருந்தால், வேண்டுமென்றே வாங்காமல் விட்டாலும் சேர்ந்ததாகத்தான் கோர்ட் எடுத்துக்கொள்ளும். மதுரை ஆள் மேல் திண்டுக்கல்லில் வழக்குப் போட முடியுமா என்பது என் கேள்வி. 2015 திருத்தத்துக்குப் பிறகு, பணம் வர வேண்டியவருடைய கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறதோ அந்த ஊர் கோர்ட்தான். முடியும்.

மாமா கையெழுத்துப் போட்ட ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. ஏப்ரல் 29-இல் வாங்கியிருக்கிறார். 15 நாள் என்றால் மே 14. அதற்குள் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார்.

அந்த இரண்டு வாரமும் வீட்டில் யாரும் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. நான் ஹாஸ்டலுக்குப் போய்விட்டேன். தங்கச்சி போனில் சொன்னதுதான். அப்பா ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொள்கிறாராம். 'இருபது வருஷப் பழக்கம்' என்பாராம். அம்மா, "அந்தப் பழக்கம் அவருக்கும் இருக்கணும்ல" என்பாராம். எனக்கு அம்மா பக்கம்தான் நியாயம் என்று பட்டது. இப்போதும் அப்படித்தான் படுகிறது. ஆனால் அந்த நோட்டீஸைப் போஸ்ட்மேன் நீட்டும்போது மாமா வீட்டு வாசலில் யார் நின்றிருப்பார்கள், அத்தையா, அவர் பையனா என்று யோசித்தால் எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. அந்தப் பையனும் நானும் சின்ன வயதில் பிரஸ்ஸில் கழித்துப் போட்ட அட்டையில் விமானம் செய்திருக்கிறோம்.

மே 13, திங்கட்கிழமை மத்தியானம் அப்பாவின் கணக்கில் ஒரு லட்சத்து முப்பத்தாறாயிரத்து ஐந்நூறு வந்து விழுந்தது. முழுசாக. ஒரு நாள் மிச்சம் வைத்து. போன் இல்லை, மெசேஜ் இல்லை. அப்பா ரசீது எழுதி, அசல் செக்கையும் உள்ளே வைத்து, கூரியரில் அனுப்பினார். 'நல்வாழ்த்துகளுடன்' என்று கீழே எழுதலாமா என்று என்னிடம் கேட்டார். வேண்டாம் என்றேன். எழுதியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த வருடம் தீபாவளிக்கு மிக்சர் டின் வரவில்லை. லேபிள் ஆர்டரும் வரவில்லை, வேறு எங்கேயோ அடிக்கிறார்கள். மாதத்துக்குப் பதினைந்தாயிரம் இருபதாயிரம் வேலை போனது. வழக்கென்று போயிருந்தாலும் லாபமா என்று கேட்டால், சட்டம் ஆறு மாதத்துக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது, கோர்ட் வராண்டாவில் நிற்பவர்களைக் கேட்டால் வருடக் கணக்குச் சொல்கிறார்கள். 2018-இல் கொண்டுவந்த திருத்தப்படி வழக்கு நடக்கும்போதே 20 சதவீதம் வரை இடைக்கால நஷ்டஈடு தரச் சொல்ல கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது, அது ஒன்றுதான் ஆறுதல். 138 கை நழுவினாலும் பணம் போய்விட்டது என்று அர்த்தமில்லை, மூன்று வருடத்துக்குள் சிவில் வழக்குப் போடலாம். அதற்குக் கோர்ட் கட்டணம், அலைச்சல் எல்லாம் தனி.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியே இருக்க மாட்டேன். பணம் வந்த வாரம் வக்கீல் அக்காவுக்கு ஃபீஸ் கொடுக்கப் போனபோது அவர் சும்மா, பேச்சுவாக்கில் கேட்டார். "அண்ணே, நீங்க யாருக்காவது கையெழுத்துப் போட்டு வெறும் செக் குடுத்திருக்கீங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன்.

காகிதக் கடைக்கு. இரண்டு. தொகை எழுதாமல், தேதி எழுதாமல், கையெழுத்து மட்டும் போட்டு. கடனில் காகிதம் எடுக்க ஆரம்பித்தபோது 'சும்மா ஒரு பாதுகாப்புக்கு' என்று கேட்டார்களாம், கொடுத்தாராம். நிறையப் பேர் வெறும் செக் கோர்ட்டில் செல்லாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நானும் நினைத்தேன். 2019-இல் பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. தானாக விரும்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த செக்கில் மற்றதை வேறொருவர் எழுதி நிரப்பியிருந்தாலும், கடனுக்காகக் கொடுத்தது என்றே சட்டம் அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கையெழுத்துப் போட்டவர் பொறுப்பு. சரி, ஸ்டாப் பேமென்ட் கொடுத்துவிடலாமே என்றால், உண்மையில் பாக்கி இருக்கிற இடத்தில் அதுவும் 138-க்குள் வரும். மாமாவை நோக்கி நாங்கள் நீட்டிய அதே பிரிவு, இரண்டு தாளாக எங்கேயோ ஒரு கல்லாப் பெட்டிக்குள் எங்களை நோக்கித் தூங்கிக்கொண்டிருந்தது.

அப்பா ஜூன் மாதம் பாக்கியை முழுக்கக் கட்டினார். மாமாவின் பணம் அப்படியே அங்கே போனது. கணக்கு நேராகிவிட்டது என்று லெட்ஜரில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, தயங்கித் தயங்கிச் செக்குகளைக் கேட்டிருக்கிறார். கடைக்காரர் சிரித்தாராம். "என்னண்ணே, நம்ம மேல நம்பிக்கை இல்லையா?"

அப்பா ஒன்றும் சொல்லாமல் ஸ்டூலில் உட்கார்ந்தே இருந்திருக்கிறார். ஒரு டீ, அப்புறம் இன்னொரு டீ. சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது சட்டைப் பையில் ஒரு செக் இருந்தது. இன்னொன்றைப் பழைய ஃபைலில் தேடிக்கொண்டிருக்கிறார்களாம். அதன் நம்பரைக் குறித்து, கணக்கு நேரானதையும் சொல்லி, திருப்பித் தரும்படி ஒரு கடிதம் எழுதினோம். இந்தத் தடவை டிராஃப்ட் நான் எழுதியதுதான். சிவப்பு மை ஒரே ஒரு இடத்தில்தான் விழுந்தது.