புள்ளிமூக்கனின் குளங்கள்

பொதிகை மலையில் தாமிரபரணிக்கு அவசரம் அதிகம். பாணதீர்த்தத்தில் குதித்து, காரையாறு அணையில் தேங்கி, பாபநாசத்தில் மறுபடி பாறைகளில் மோதிக்கொண்டு இறங்குகிறது. இந்தத் தண்ணீரில் புள்ளிமூக்கு வாத்துக்கு வேலை இல்லை. இரைக்காக முழுகும் பறவை அல்ல அது. தலையை உள்ளே விட்டு, வாலை மேலே தூக்கி, சேற்றில் கிடக்கும் விதை, கிழங்கு, நத்தை, பூச்சி என்று துழாவித் தின்னும். ஏறக்குறைய ஒரு முழத்துக்கு மேல் ஆழம் போனால் அலகு எட்டாது.

ஆகவே இந்த வாத்தைத் தேடி ஆற்றோடு வருகிறவர் சீக்கிரமே கால்வாய்க் கரையில் ஏறிவிட வேண்டும். பாபநாசம் தாண்டியதிலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். கடைசியான ஸ்ரீவைகுண்டம் ஆங்கிலேயர் காலத்தது. மற்றவை அதற்கு முந்தியவை. ஒவ்வொன்றிலிருந்தும் கால் பிரிகிறது, கால் குளத்தை நிறைக்கிறது, குளம் மடைவழியே வயலுக்குப் போகிறது. அம்பாசமுத்திரத்திலிருந்து சேரன்மகாதேவி வரும்வரை ஆற்றைவிடப் பெரிய ஆறு ஒன்று கால்களிலும் குளங்களிலும் பரந்து கிடப்பதாகவே எனக்குத் தோன்றும்.

வாத்து இருப்பது அங்கேதான். கறுத்த அலகின் நுனியில் மஞ்சள், அடியில் இரண்டு பக்கமும் செம்புள்ளி, ஆரஞ்சுச் சிவப்புக் கால்கள், இறக்கையில் வெள்ளைக் கரையிட்ட பச்சைப் பட்டை. ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே உடுப்பு. ஆணின் செம்புள்ளி சற்று எடுப்பாக இருக்கும், அவ்வளவுதான். குரலில் ஆளைப் பிடித்துவிடலாம். வீட்டு வாத்துபோல உரக்கக் கத்துவது பெட்டை. சேவலுக்கு இளைப்பு வந்தவன் மாதிரி ஒரு கரகரப்பு.

குளிர்காலத்தில் நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் வடக்கிலிருந்து வந்து இறங்கும். மணிமுத்தாற்றுத் தண்ணீர் போய்ச் சேரும் கூந்தன்குளத்துக்குப் பட்டைத்தலை வாத்து இமயத்தைத் தாண்டி வருகிறது. பார்க்க வருகிறவர்களின் கண்ணெல்லாம் அவற்றின் மேல்தான். ஊர்க்காரனான புள்ளிமூக்கனை யாரும் படமெடுப்பதில்லை. 2011 முதல் இந்தப் படுகைக் குளங்களில் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பிலாவது அதற்கு ஒரு வரி கிடைக்கிறது.

அதன் நாட்காட்டி தண்ணீர்தான். வடகிழக்குப் பருவமழையில் குளம் பெருகி, வயலில் பிசானம் நட்டு, கரையோரப் புல்லும் கோரையும் அடர்ந்த பிறகு தரையில் கூடு வைக்கும். எட்டு, பத்து முட்டை. சில சமயம் அதற்கும் மேல். தன் நெஞ்சுத் தூவியைப் பறித்து மெத்தையிட்டு, பெட்டை மட்டும் மூன்று வாரத்துக்கு மேல் அடைகாக்கும். பொரித்த குஞ்சுகள் ஒரு நாளைக்குள் தாயின் பின்னால் தண்ணீரில் இறங்கிவிடும். யாரும் ஊட்டுவதில்லை, பூச்சிகளைத் தாமே கொத்திக்கொள்ளும்.

இனப்பெருக்கம் முடிந்தபின் பெரிய பறவைக்கு ஒரு சங்கடம். பறக்கும் இறகுகள் எல்லாம் ஒரே சமயத்தில் உதிர்கின்றன. புதியவை முளைக்கும்வரை சில வாரம் பறக்க முடியாது. கோரைப் புதர் மட்டுமே காவல். குளத்தைத் தூர்வாருகிறோம் என்று கரையைச் சுத்தமாக மழித்து, நடுவிலும் ஓரத்திலும் ஒரே ஆழமாகத் தோண்டிவிட்டுப் போகிறோமே, அது வாத்தின் சாப்பாட்டையும் வீட்டையும் ஒரே வேலையில் முடித்துவிடுகிறது. ஓரத்தில் கொஞ்சம் மேடும் புல்லும் விட்டுவைத்தால் கொள்ளளவு எவ்வளவு குறைந்துவிடும்?

திருநெல்வேலி கடந்து, சிற்றாற்றையும் சேர்த்துக்கொண்டு, ஸ்ரீவைகுண்டத்தில் மிச்சத்தையும் பங்கு வைத்தபின் ஆறு மெலிகிறது. பெருங்குளம், ஆறுமுகமங்கலம், கடம்பாகுளம் என்று கடைசி வரிசைக் குளங்கள். அப்பால் புன்னைக்காயலில் உப்புக் கலந்து, மன்னார் வளைகுடாவில் முடிகிறது. தூத்துக்குடி உப்பளத்தில் பூநாரை நிற்கும். நன்னீர்ப் பறவையான புள்ளிமூக்கனுக்கு அது இடமல்ல.

கோடையில் குளங்கள் ஒவ்வொன்றாக வற்றும்போது எங்கே தண்ணீர் மிச்சமோ அங்கே கூட்டமாகச் சேரும். மீன்பாசிக் குத்தகைக்காரர்கள் அதே குளத்தில் வலையிறக்குவதும் அந்த வாரங்களில்தான்.