கள்ளபிரான் என்று ஒரு பெயர்

ஸ்ரீவைகுண்டத்துப் பெருமாளுக்குத் திருடன் பெயர்தான். காலதூஷகன் என்ற கள்வன் ஒவ்வொரு முறையும் கொள்ளைக்குக் கிளம்புமுன் வைகுண்டநாதரைக் கும்பிட்டுவிட்டுப் போவானாம். கிடைத்ததில் பாதியைக் கோயிலுக்குச் செலுத்திவிடுவானாம். ஒரு நாள் அரண்மனையிலேயே கைவைத்துவிட்டான். காவலர் தேடி வந்தபோது பெருமாளே அவன் உருவெடுத்து அரசன் முன்னால் போய் நின்றார் என்பது தலக்கதை. அதனால் உற்சவருக்குக் கள்ளபிரான் என்று பெயர். அந்த வட்டாரத்தில் ஆண்பிள்ளைகளுக்கு இந்தப் பெயரைக் கூசாமல் வைக்கிறார்கள். வருகைப் பதிவேட்டில் வாத்தியார் வாசிப்பார், பையன் எழுந்து நிற்பான், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

தாமிரபரணிக் கரையில், திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகிற வழியில் இருக்கும் ஒன்பது பெருமாள் கோயில்களை நவதிருப்பதி என்பார்கள். ஒன்பதும் நம்மாழ்வார் பாடியவை. ஆண்பிள்ளைக்கு அபூர்வமான பெயர் வேண்டும் என்று அலைபவர்களை ஒரு நாள் காரில் ஏற்றி இந்த ஊர்களைச் சுற்றிக் காட்டினால் போதும் என்பது என் கட்சி. நத்தத்தில் எம்இடர்கடிவான். நம் துன்பத்தைத் துடைக்கிறவர் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. திருப்புளியங்குடி உற்சவர் காய்சினவேந்தன், எரிக்கும் கோபம் கொண்ட அரசன். மூலவர் பூமிபாலரோ கோபத்தின் சுவடே இல்லாமல் நீட்டிப் படுத்திருக்கிறார். அவர் திருவடியைத் தரிசிக்கப் பிராகாரத்தில் தனியாக ஒரு சன்னல் உண்டு. பெருங்குளத்தில் மாயக்கூத்தன், அரக்கன்மேல் ஏறிக் கூத்தாடியவர். திருக்கோளூரில் வைத்தமாநிதி, குபேரன் தொலைத்த செல்வத்தைக் காத்து வைத்திருந்தவர். தலைக்கு மரக்காலை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். அளந்து அளந்து அலுத்துப்போன பண்ணையார் களத்திலேயே சாய்ந்துவிட்டது போல எனக்குத் தோன்றும். தென்திருப்பேரையில் மகரநெடுங்குழைக்காதன். தாயார் ஆற்றில் கண்டெடுத்துக் கொடுத்த மீன் வடிவக் குழைகளைக் காதில் தொங்கவிட்டவர். பன்னிரண்டு எழுத்து. அங்கே உற்சவருக்கு நிகரில் முகில்வண்ணன் என்று பெயர். இப்போது முகில், முகிலன் என்று வைக்கிறவர்கள் பலருக்கு, அந்த முகில் இந்த ஆற்றங்கரையில் பல நூற்றாண்டுகளாக நிற்பது தெரியாது.

தம்பி மகளுக்குப் பிள்ளை பிறந்தபோது இத்தனையையும் சொல்லிப் பார்த்தேன். அவளுடைய நிபந்தனைகள் வேறு. மூன்றெழுத்துக்கு மேல் போகக்கூடாது, குடியிருக்கிற அடுக்ககத்தில் இன்னொரு பிள்ளைக்கு இருக்கக்கூடாது, வெளிநாட்டுக்காரர் வாயிலும் நுழைய வேண்டும். இதற்கு மேல் நட்சத்திர எழுத்து. பிள்ளை திருவாதிரை. பஞ்சாங்கம் அதற்குத் தருகிற எழுத்துகள் கு, க, ங, ச. ‘ங’வில் எந்தத் தகப்பன் பிள்ளைக்குப் பெயர் தேடுவான்? ஆனால் கள்ளபிரான் ‘க’வில் வருகிறது, குழைக்காதன் ‘கு’வில் வருகிறது, சோதிடரே ஆட்சேபிக்க முடியாது என்றேன். “பெரியப்பா, ஒன்னு திருடன்னு கூப்பிடுவாங்க, இல்லன்னா காதர்னு கூப்பிடுவாங்க. ஆளை விடுங்க” என்றாள்.

அவள் அனுப்பிய பட்டியலில் பாதிப் பெயர்கள் ‘ஷ்’ என்று முடிந்தன, மீதி ‘த்’ என்று. எதிரே போட்டிருந்த பொருள் பெரும்பாலும் வெளிச்சம், வெற்றி, இறைவனின் பரிசு. தனித்துவம் வேண்டித் தேடியெடுத்த பெயர்கள், பள்ளி விடுகிற நேரத்தில் வாசலில் நின்று கேட்டால் ஒன்றையொன்று விட்டுப் பிரிக்க முடிவதில்லை. பழைய பெயர்களை யாரும் அபூர்வம் என்பதற்காக வைத்ததில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் கள்ளபிரான் என்று கூப்பிட்டால் ஒன்றுக்கு இரண்டு பேர் திரும்பக்கூடும். சென்னைக்கு வந்த பிறகுதான் அவர் அபூர்வமாகிறார்.

கற்குவேல் என்று ஒருவர் அறிமுகமானால் அவருக்குத் தேரிக் குடியிருப்போடு தொடர்பு இருக்கும் என்று துணிந்து சொல்லலாம். சிவந்த தேரி மணலுக்கு நடுவே இருக்கிற கற்குவேல் அய்யனாரின் பெயர் அது. சொரிமுத்து என்றால் பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில் இருக்கும் அய்யனார். தாணுமாலயன் என்றால் சுசீந்திரம். தாணு சிவன், மால் திருமால், அயன் பிரமன் என மூவரும் ஒரே பெயருக்குள். நாஞ்சில் நாட்டில் அது தாணு, தாணப்பன், தாணுலிங்கம் என்று பல கிளையாகப் பிரிந்திருக்கிறது. சுடலைமுத்துவை விளக்க வேண்டியதில்லை. சுடுகாட்டில் நிற்கிற தெய்வத்தின் பெயரைப் பெற்ற பிள்ளைக்கு வைக்க ஒரு தைரியம் வேண்டும். அந்தத் தைரியம் தெற்கே வீட்டுக்கு வீடு இருந்தது.

பயத்தில் பிறந்த பெயர்களும் உண்டு. முதல் பிள்ளைகள் தவறிப்போன வீட்டில் அடுத்து வந்த ஆண்பிள்ளைக்கு மூக்குக் குத்தி மூக்கன், மூக்கையா என்று வைத்தார்கள். குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்து வந்து குப்பன், குப்புசாமி என்றார்கள். தவிட்டுக்கு விற்றதாகப் பாவனை செய்து திரும்ப வாங்கி, தவிட்டான் என்றார்கள். அடுத்த வீட்டில் பிச்சை எடுத்த அரிசியில் சோறு ஊட்டி, பிச்சை என்றார்கள். எமன் கண்ணுக்கு இது ஒன்றுக்கும் ஆகாத பிள்ளை என்று தோன்ற வேண்டும், அவ்வளவுதான். பொருள் தேடிப் பெயர் வைக்கிற காலத்தில், பொருளே இல்லாத மாதிரி நடிக்கிற இந்தப் பெயர்கள் கேவலமாகப் படலாம். எனக்கு இவற்றைவிடச் செல்லமான பெயர்கள் தெரியாது. பிச்சை மதம் பார்க்கவில்லை என்பதும் கவனிக்க வேண்டியது. பிச்சையாபிள்ளை உண்டு, மைதீன் பிச்சை உண்டு, பிச்சைமுத்து என்ற கிறிஸ்தவரும் உண்டு.

கத்தோலிக்கர் வழியில் வந்த பெயர்கள் ஒரு தனி ருசி. லத்தீனில் பவுலுக்குச் சிறியவர் என்று பொருள், ஆகவே சின்னப்பர். யோவான் என்றால் எபிரேயத்தில் கடவுள் அருளினார், ஆகவே அருளப்பர். சின்னப்பனும் அருளப்பனும் அப்படி வந்தவர்கள்தான். நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றபோது லாசர் என்ற பெயர் கிடைத்தது. கடவுள் உதவினார் என்ற அதன் பொருளைப் பிடித்து அவரைத் தேவசகாயம் என்றார்கள். 2022-ல் வத்திக்கானில் புனிதராக அறிவிக்கப்பட்ட பெயரும் அதுவே. தெற்கே எத்தனையோ தேவசகாயங்கள் அதற்கு வெகுகாலம் முன்பே பிறந்து வளர்ந்துவிட்டார்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவள் சொன்ன ஒன்றுக்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. ஊர் தெரிகிற பெயரில் சாதியும் தெரியும் என்றாள். உண்மைதான். இன்ன சாமி என்றால் இன்ன கூட்டம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நேர்முகத் தேர்வில் பெயரைக் கேட்டதும் எதிரே இருப்பவர் முகம் மாறுவதைப் பார்த்தவர்களுக்கு, விலாசம் இல்லாத பெயர் ஒரு விடுதலை. சென்ற நூற்றாண்டில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனதிலும் ராமையா அன்பழகன் ஆனதிலும் மொழிப்பற்றோடு இந்த விடுதலையும் இருந்தது. 1953 மார்ச் 1-ல் பிறந்த பிள்ளைக்கு, அதே மாதம் 5-ம் தேதி மறைந்த சோவியத் தலைவரின் பெயரை வைத்தார் கருணாநிதி. ஸ்டாலின் என்ற பெயரை வைத்துக்கொண்டு யாருடைய குலதெய்வத்தையும் கண்டுபிடிக்க முடியாது.

ஆனாலும் மறைமலையடிகளை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். திருக்கழுக்குன்றத்து வேதகிரீசுவரரை வேண்டிப் பெற்ற பிள்ளை என்பதால் பெற்றோர் வேதாசலம் என்று வைத்தார்கள். 1916-ல் தனித்தமிழ் இயக்கம் தொடங்கிய அவர், வேதத்தை மறையாக்கி, அசலத்தை மலையாக்கினார். மொழி மாறியதே தவிர, குன்று இருந்த இடத்திலேயே இருந்தது.

தம்பி மகளுக்குக் கடைசியாக ஒரு யோசனை சொல்லியிருக்கிறேன். எங்கள் வீடுகளில் தாத்தா பெயரைத்தான் பேரனுக்கு வைப்பார்கள். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது, ஆகவே பிள்ளையை ராசா, துரை, ஐயா என்று வேறு ஏதாவது சொல்லிக் கூப்பிடுவாள். பதிவேட்டில் ஒன்று, வாசலில் ஒன்று என இரண்டு பெயரோடு வளர்ந்து ஒருவரும் கெட்டுப்போகவில்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட்டால், பெயரை 12 மாதம்வரை கட்டணமில்லாமல் சேர்க்கலாம், தாமதக் கட்டணம் கட்டினால் 15 ஆண்டுவரை. மூன்றெழுத்தில் எதையாவது சொல்லி வீட்டில் கூப்பிடு, சான்றிதழில் குழைக்காதன் என்று எழுது என்றேன். பிள்ளைக்குக் காது நீளமாகத்தான் இருக்கிறது என்று அவள் மாமியார் சொன்னதாகக் கேள்வி.