அது 'ஹோம்' இல்லீங்க, அம்மாவோட வீடு

முதியோர் இல்லம்னு சொன்ன உடனே நம்ம மக்களுக்கு ஒரு சினிமா ஓட ஆரம்பிச்சிடும். கையில துணிப்பை, கண்ணுல தண்ணி, பின்னணியில வயலின், திரும்பிப் பார்க்காம கார்ல போற மகன். அந்த வில்லன் மகன் அடியேன்தான் :-) எங்க அம்மா கோவை பக்கத்துல ஒரு முதியோர் குடியிருப்புக்குப் போய் ரெண்டு வருஷம் ஆகுது. சொந்தக்காரங்க இன்னும் கேட்டுக்கிட்டே இருக்கறதால, மொத்தமா ஒரு பதிவாவே போட்டுடறேன்.

நாம எல்லாத்தையும் 'ஹோம்'னு ஒரே பேர்ல சொல்லிடறோம். ஆதரவில்லாதவங்களுக்காக அரசும் தொண்டு அமைப்புகளும் நடத்தறது ஒரு வகை. நல்லா நடமாடற பெரியவங்க தனி வீடு வாங்கி இருக்கறது இன்னொரு வகை. படுக்கையோட இருக்கறவங்களுக்கு மருத்துவ கவனிப்போட இருக்கறது மூணாவது. இதுக்கெல்லாம் நடுவுல வர்றதுதான் 'அசிஸ்டட் லிவிங்'. தன் அறை, தன் பூட்டு, தன் சாமான். எங்க ஒரு கை வேணுமோ அங்க மட்டும் ஒரு கை.

அமெரிக்காவுல இதுக்கு வழி போட்டவங்கள்ல முக்கியமானவர் கெரன் பிரவுன் வில்சன். அவங்க அம்மா பக்கவாதம் வந்து நர்சிங் ஹோம்ல இருந்தவங்க. உள்பக்கம் பூட்டிக்கற கதவோட ஒரு சின்ன இடம் வேணும்ங்கறதுதான் அந்தம்மாவோட ஆசை. 1983ல ஆரெகன் மாநிலம் போர்ட்லண்ட்ல மகள் அப்படி ஒரு இடத்தைத் திறந்தாங்க. அதுல் கவாண்டே 2014ல எழுதின 'பீயிங் மார்ட்டல்' புத்தகத்துல இந்தக் கதை விவரமா இருக்கு.

எங்க கதைக்கு வர்றேன். அப்பா போனப்புறம் அம்மா ஊர்ல தனியா இருந்தாங்க. குளியலறையில வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு ஆபரேஷன். அப்புறம் பெங்களூர்ல அண்ணன் வீடு. அண்ணன், அண்ணி ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க. பார்த்துக்க வந்த ஆயாம்மா எட்டு மாசத்துல மூணு பேர் மாறினாங்க. சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் அம்மாவுக்கு டிவிதான் துணை. "ஒன்பதாவது மாடிக்கு காக்காகூட வரமாட்டேங்குதுடா"ன்னாங்க ஒரு நாள்.

சிட்னி கட்ஸ்ங்கற டாக்டர் 1963ல வெளியிட்ட ஒரு கணக்கு இருக்கு. குளிக்கறது, உடுத்தறது, கழிவறை போறது, படுக்கையிலேர்ந்து எழறது, அடக்கிக்கறது, சாப்பிடறதுன்னு ஆறு விஷயம். அம்மாவுக்கு இதுல குளியலும் எழறதும்தான் கஷ்டம். ரெண்டுக்கு ஆள் போதும். மீதி நாலும் அவங்க இஷ்டம். கூட வேலை பார்த்த டீச்சர் ஒருத்தர் கோவையில இருக்காங்கன்னு போய், ரெண்டு வாரம் தங்கிப் பார்த்துட்டு, "நான் இங்கயே இருந்துக்கறேன்"னு முடிவு சொன்னது அம்மாதான்.

பெரியப்பா போன் போட்டு, "ரெண்டு புள்ள பெத்தும் இப்படியாடா"ன்னார். அம்மா போனை வாங்கி, "நான்தாங்க வந்தேன், அவனைத் திட்டாதீங்க"ன்னு வச்சிட்டாங்க.

அங்க குளியலறையில கைப்பிடி, வழுக்காத தரை, இழுத்தா ஆள் வர்ற மணி. ராத்திரியும் நர்ஸ் உண்டு. சாயங்காலம் கேரம். அங்க வேலை செய்யறவங்க பசங்களுக்கு அம்மா கணக்கு சொல்லித் தர்றாங்க. ரிட்டயர் ஆன டீச்சர் மறுபடி டீச்சர் ஆயிட்டாங்க! எனக்குப் பெரிய ஆச்சரியம் அண்ணிதான். முன்னெல்லாம் "அத்தை, மாத்திரை போட்டீங்களா, சாப்பிட்டீங்களா"ங்கறதோட பேச்சு முடிஞ்சிடும். இப்ப தினம் ராத்திரி போன்ல அரை மணி நேரம் சீரியல் கதை, ஊர்க்கதை, சிரிப்பு. செவிலி வேலை இறங்கினதும் மருமக திரும்பி வந்துட்டாங்க.

எல்லாம் தேன்னு சொல்லமாட்டேன். ரசம் தண்ணியா இருக்காம். எதிர் அறை பாட்டி போன மாசம் இறந்தப்ப அம்மா ரெண்டு நாள் சரியா பேசவே இல்ல. வயசானவங்க மட்டுமே இருக்கற இடத்துல இந்த வலி அடிக்கடி வரும். பணமும் பெரிய விஷயம். அம்மா பென்ஷன் போக மீதியை நானும் அண்ணனும் போடறோம். எல்லாராலயும் முடியாது. 2011 கணக்கெடுப்புப்படியே தமிழ்நாட்டுல 60 தாண்டினவங்க நூத்துக்குப் பத்து பேருக்கு மேல.

இடம் பார்க்கறவங்களுக்கு என் அனுபவத்துல நாலு விஷயம்:

- டெபாசிட் எப்ப, எவ்வளவு திரும்ப வரும்னு எழுத்துல வாங்குங்க. மத்திய அரசு 2019ல கொண்டு வந்தது மாதிரி விதிமுறைகள்தான். கையெழுத்துக்கு முன்னாடி ஒப்பந்தத்தை முழுசா படிங்க.
- ராத்திரி நர்ஸ் அங்கயே இருக்காங்களா, கூப்பிட்டாத்தான் வருவாங்களா?
- நாளைக்கு ஞாபக மறதி வந்தா வச்சுக்குவாங்களா, வேற இடம் பார்க்கச் சொல்லுவாங்களா?
- சேரப்போறவங்க சில நாள் தங்கி சாப்பிட்டுப் பார்க்கட்டும். முடிவு அவங்களோடதா இருக்கட்டும்.

அந்த நாலாவதுதான் ரொம்ப முக்கியம். அம்மா மாட்டேன்னு சொல்லியிருந்தா, இதே இடம், இதே கைப்பிடி, இதே மணி, எல்லாம் இருந்தும் அது வெறும் 'ஹோம்'தான். உங்க வீட்டுப் பெரியவங்க இதைப் பத்தி என்ன சொல்றாங்க? கேட்டுட்டு வந்து சொல்லுங்க மக்களே.